வாய் திறந்திருந்த நேரம்

“வாயை நல்லாத் திறங்க அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம், ஆங், அப்படியே வெச்சுக்கிடுங்க, நான் முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது” என்று டாக்டர் ஹாஜிரா சொன்னதில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் இன்னாசி மச்சாதுவுக்குப் பெரிய தண்டனையாகப் பட்டது. ஊசி போடட்டும், சுரண்டட்டும், அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் திரேஸ்புரம் கரையில் படகு ஒதுங்கின நேரத்திலிருந்து வெயில் ஏறுகிற வரைக்கும் தொண்டை கிழிய மீன் ஏலம் விட்டே பிழைத்த மனிதனைப் பேசாதே என்றால் அவன் என்ன செய்வான், நினைத்துக்கொண்டு கிடப்பான், அதுதான் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போனது, கால் மேலே ஏறித் தலை கீழே இறங்கி, நேர் எதிரே வட்ட விளக்கு வந்து நின்றது, கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பாகத் தெரிந்தது. கம்பி உள்ளே போயிற்று. ஊசி மாதிரி மெல்லிசு, ஆனால் நுனி மழுங்கல், அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும், அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள், ஈறு கெட்டியாகப் பல்லைப் பிடித்திருந்தால் மூன்றுக்கு மேல் போகாது, விட்டுப்போயிருந்தால் நாலு, ஐந்து, ஆறு என்று இறங்கிக்கொண்டே போகும் என்று போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். “மூணு, ரெண்டு, மூணு” என்றார் டாக்டர். “மூணு, ரெண்டு, மூணு” என்று திருப்பிச் சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினாள் உதவிக்கு இருந்த பெண் மாரிக்கனி. இன்னாசி மூச்சு விட்டார். ஒரு பல் ஆச்சு.

நம்பரைக் காதால் கேட்டே வளர்ந்த உடம்பு அது, அதனால்தான் சிக்கல், கரையில் நம்பர் ஏற ஏற அவருக்குக் குளிர்ந்துபோகும், விளமீன் கூடைக்கு ஒருத்தன் ஒன்று கேட்டு இன்னொருத்தன் மேலே கேட்டு முதல் ஆள் முறைத்துக்கொண்டு அதற்கும் மேலே கேட்கும்போது வருகிற சுகத்துக்குச் சமானமாக இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை, இங்கேயோ நம்பர் இறங்க வேண்டும். இதைப் புத்திக்குச் சொல்லிப் புரியவைத்துவிட்டார், நெஞ்சுக்குப் புரியவைக்க முடியவில்லை, “நாலு” என்று டாக்டர் சொன்னதும் அது பழக்கத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, ஐயையோ இது அந்த நாலு இல்லை என்று அப்படியே உட்கார்ந்தது. நாலா, எந்த இடத்தில் நாலு, மேல் வலது கடைவாய்ப் பக்கம், அங்கே பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணுகிற ஃப்ளாஸ் நூல் போகவே போகாது, விரலை உள்ளே விட்டால் குமட்டும், அதுதான், வேறொன்றும் இல்லை. போன தடவை அந்த இடத்தில் என்ன சொன்னார், ஆறு என்றாரா, அன்றைக்கு ஆறும் ஐந்துமாகத்தான் வந்தது, நடுவில் நடுவில் “ரத்தம்” என்று வேறு சொன்னார், மாரிக்கனியும் “ரத்தம், ரத்தம்” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சின்னப் பெண்ணின் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சாதாரணமாக வந்ததைக் கேட்டபோது ஆணி அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு பனங்கிழங்கு. கடித்து நார் உரிக்கும்போது கீழ்வரிசை முன்பல் ஒன்று நாரோடு சேர்ந்து ஓர் ஆட்டம் ஆடியது, வலிக்கவில்லை, ஆடியது அவ்வளவுதான், வலித்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். அப்பாதான் உடனே ஞாபகத்துக்கு வந்தார். அப்பா அகுஸ்தீன் மச்சாதும் ஏலக்காரர்தான், அவருக்கு ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக விழுந்து, மீன் பேரைக் கூவி ‘சீலா’ என்றால் வெறும் காற்றாக வரும், இளவட்ட வியாபாரிகள் அதே மாதிரி காற்றை ஊதிக் காட்டிச் சிரித்தார்கள், ஒருநாள் கரைக்குப் போகாமல் வீட்டில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் போகவே இல்லை. இன்னாசி அன்றைக்கு மீதிக் கிழங்கைச் சாப்பிடாமல் கீழே வைத்துவிட்டுச் ‘சீலா, சீலா’ என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நல்லாத்தான் வந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு வரும்.

“மூணு, மூணு, ரெண்டு.” நல்லது, மேல்வரிசை நடுவுக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் அன்றைக்கே ஒளிக்காமல் சொன்னார், நான் சுத்தம் பண்ணிவிடுறேன், ஆனா மூணு மாசம் நீங்க வீட்ல என்ன செய்யுறீங்கங்கிறதுதான் மருந்து, இறங்கலைன்னா நாலஞ்சு பல்லை எடுக்கத்தான் வேணும் என்று. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் மெர்லின் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவருடைய போனைப் பிடுங்கி ‘முத்துச்சிரிப்பு’ என்று ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், போனில் அதைக் கேட்டுவிட்டு டாக்டர், “ஆப் வந்து பல் தேய்க்காது அண்ணாச்சி, ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்” என்று சிரித்தார். மறுநாள் விடியக்காலை போன் தானாகவே பேசியது. “வணக்கம், இன்னாசி. மேல் வலப்புறத்திலிருந்து தொடங்குவோமா?” இழைந்து இழைந்து, பள்ளிக்கூடப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். அடுப்படியிலிருந்து பிலோமி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “யாருங்க அவ? காலங்காத்தால பேரைச் சொல்லிக் கூப்பிடுதா?” ஆப்பு, பல்லு தேய்க்கச் சொல்லுது என்றார். “கட்டின பொஞ்சாதி எத்தனை வருஷமாச் சொன்னேன், அதெல்லாம் காதுல ஏறலை, இவ வணக்கம்னதும் பிரஷ்ஷைக் கையில எடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றைக்குத் தோசையை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சுரண்டினாள். இன்னாசிக்கு இப்போது சிரிப்பு வந்தது, வாய்க்குள் கம்பி இருக்கிறது, சிரிக்கக் கூடாது, வயிற்றுக்குள்ளேயே சிரித்தார், சட்டைப் பொத்தான் மட்டும் லேசாகக் குலுங்கியது. “வலிக்குதா?” என்றார் டாக்டர். இல்லை என்று கண்ணை ஆட்டினார்.

இரண்டு நிமிஷம் என்பது இத்தனை நீளம் என்று யார் கண்டது. ஏலத்தில் இரண்டு நிமிஷத்தில் ஒரு படகு மீன் கைமாறிப் போய்விடும், வாய்க்குள்ளோ அரை நிமிஷம் ஒரு பக்கம், மணி அடிக்கும், அடுத்த பக்கம், மறுபடி மணி, கை கடுத்துப்போகும், பேஸ்ட் நுரை முழங்கை வழியாக ஒழுகும், அவர் வாழ்நாள் முழுக்க விரலால் இரண்டு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, துப்பிவிட்டுப் போகிற ஆள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு யோசனை வந்தது. ஆப்பின் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளியலறைக் கல்லில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தார், அந்தப் பெண் பாட்டுக்கு மேல் இடப்புறம், கீழ் வலப்புறம் என்று பேசிக்கொண்டே போனாள், கடைசியில் சிப்பி ஒன்று திறந்து முத்து ஒன்று எழும்பி, “அருமை, இன்னாசி! உங்கள் மாலையில் இன்னொரு முத்து!” என்றாள். அவருக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, இவ்வளவு நம்புகிறாளே. கதவுக்கு வெளியிலிருந்து பிலோமி, “பேச்சுச் சத்தம் கேக்கு, தண்ணிச் சத்தத்தைக் காணோமே” என்றாள். அத்தோடு அந்த யோசனை முடிந்தது. ஆப்பை ஏமாற்றலாம், அதற்குக் கண் இல்லை, பொத்தானை அமுக்கின விரலைத்தான் அதற்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருக்கிற பிலோமியை ஏமாற்ற முடியாது, அதுகூடப் பரவாயில்லை, ஈறை எப்படி ஏமாற்றுவது, நூலை விட்டு இழுத்ததும் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடுமே. அந்த நூல் மட்டும் அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று. தூண்டில் போடுகிற தங்கூசி நரம்பின் தங்கச்சி மாதிரி இருந்தது, இரண்டு விரலில் சுற்றி, இறுக்கி, பல்லிடுக்கில் மெல்ல இறக்கி மேலே இழுப்பது கையே அறிந்த வேலை, ஆப்பில் வருகிற படத்தைவிட அழகாகச் செய்தார். ஆனால் ரத்தம். கரையில் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் நல்ல மீன் என்று கத்துகிறவருக்குத் தன் செவுள் சிவப்பாக இருப்பதை மட்டும் பார்க்கப் பிடிக்கவில்லை. முதல் வாரம் முழுக்க நூல் சிவந்துதான் வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் வெள்ளையாக வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பிலோமி, இங்க வா, இதைப் பாரு” என்று கூப்பிட்டார். “எச்சி நூலை எதுக்குங்க எனக்குக் காட்டுறீங்க” என்றாள், ஆனால் வந்து பார்த்தாள், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“மூணு, நாலு, மூணு. கீழ்வரிசை” என்றார் டாக்டர். மாரிக்கனி ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு “ரெடி மேடம்” என்றாள். கீழ்வரிசை என்றதும் நாக்கு விழித்துக்கொண்டது, அது சும்மா கிடக்காது, இத்தனை நாளும் அந்த ஆடுகிற முன்பல்லைத் தட்டிப் பார்ப்பதே அதற்கு வேலை, தூக்கத்தில்கூடத் தட்டும். சமீபத்தில் தட்டினால் ஆடாத மாதிரி இருந்தது. ஆடவில்லையா, அல்லது தட்டித் தட்டி நாக்குக்குத்தான் மரத்துவிட்டதா, யாரிடம் கேட்பது. அதோடு அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் விவகாரம் வேறு நெஞ்சில் கிடந்து அறுத்தது. சட்டைப் பையிலிருந்த போன் ஏலத்துக்கு நடுவில் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து, ஊளிமீன்களுக்கு அடியில் போய், எடுக்கும்போது உயிர் இல்லை, கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். போன் இல்லாத முதல் காலையில் குளியலறை வெறிச்சென்று இருந்தது, பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரும் வணக்கம் சொல்லவில்லை. சரி, இன்றைக்கு ஒருநாள் விடுமுறை என்று நினைத்தார், நினைத்துவிட்டு வாயைக் கொப்பளிக்கப் பார்த்தால் வாய் ஒப்பவில்லை, வேட்டி கட்டாமல் தெருவில் இறங்கின மாதிரி இருந்தது, ஆச்சரியம், கை தானாகவே மேல் வலப்பக்கத்துக்குப் போயிற்று. நேரத்துக்கு என்ன செய்வது, வாய்க்குள்ளேயே ஏலம் விட்டார், ஒரு கூடை பாறைமீன் விற்று முடிகிற வரைக்கும் மேல் வலது, ஒரு கூடை விளமீனுக்கு மேல் இடது, நுரைக்குள்ளே கேட்டுக் கேட்டு விலை ஏறியது, ஒரு சமயம் விலை நன்றாகப் படிந்துவிட்டதால் கீழ் இடதில் கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டார். மூன்றாம் நாள் வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது, இழைந்து இழைந்து, “வணக்கம், இன்னாசி. கீழ் வலப்புறம் முடிந்ததா? உட்புறத்தை மறந்துவிடாதீர்கள்.” பிலோமி! ஒரு வார்த்தை தப்பாமல், அந்தப் பெண் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவருக்கு நுரை மூக்கில் ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துகொண்டார், அந்தப் பக்கம் அவளும் சிரித்துக்கொண்டு நிற்பது பலகையின் அதிர்வில் தெரிந்தது.

அவ்வளவு நன்றாக நடந்ததை அந்த ஆப் என்ன செய்தது, போன் திரும்பி வந்ததும் ஆசையாகத் திறந்து பார்த்தால் முத்துமாலை அறுந்து கிடந்தது, ஒரு முத்துகூடக் கழுத்தில் இல்லை. “பரவாயில்லை, இன்னாசி. மீண்டும் தொடங்குவோம்” என்றாள். எதைத் தொடங்குவது, நான் எங்கே நிறுத்தினேன், பிலோமியைக் கேள் என்று போனைப் பார்த்துச் சத்தம்போட்டார். காப்பி குடித்த நாளைக்கு முத்து கொடுத்தாள், உண்மையாகத் தேய்த்த நாளை எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டாள், இது என்ன நியாயம். மெர்லினுக்குப் போன் போட்டு முறையிட்டதற்கு அவள், “அப்பா, அது உங்க பல்லைப் பார்க்கலை, உங்க போனைப் பார்த்துச்சு, விடுங்க, பல்லு அப்படியேதானே இருக்கு” என்றாள். அதைத்தான் அவர் இந்த வாரம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பல் அப்படியேதான் இருக்கிறதா, ஆப் சொன்ன கணக்கு சரியா, நம் கணக்கு சரியா, ஒருவேளை நாம்தான் ஏலம் விடுகிற குஷியில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டோமோ, உட்புறம், ஆமாம், உட்புறம், பிலோமி சொன்னாளே, தேய்த்தேனா. எது பொய் சொன்னாலும் இந்தக் கம்பி சொல்லாது. “மூணு, ரெண்டு, ரெண்டு.” கீழ் இடது. “ரெண்டு, ரெண்டு, மூணு.” கோரைப்பல்லைத் தாண்டிவிட்டார்கள். கம்பி முன்பல்லை நோக்கி வந்தது, இன்னாசி இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டார், பனிமய மாதாவே, மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை, முன்னால் இருக்கிற நாலு பல் போதும், சீலாவைச் சீலா என்று சொல்ல வேண்டும், தாயே. விளக்கு சுட்டது. டாக்டர் நம்பர் சொல்லாமல் கம்பியை எடுத்துவிட்டு இரண்டு கருவியின் காம்பால் அந்தப் பல்லை முன்னுக்கும் பின்னுக்குமாக அசைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். இப்போது ஏன் பேசாமல் இருக்கிறார், நம்மைப் பேசாதே என்று சொல்லிவிட்டு இவரும் பேசாமல் இருந்தால் எப்படி. “மூணு, மூணு, மூணு” என்றார் டாக்டர், “போன தடவை அஞ்சும் ஆறும் இருந்த பல்லு இது. ரத்தம் இல்லை. அசைவும் பாதிக்குப் பாதிகூட இல்லை.” மாரிக்கனி, “மூணு, மூணு, மூணு, ரத்தம் இல்லை” என்று திருப்பிச் சொன்னாள், சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் சிரித்தது. அவருக்குக் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, தலைகீழாகப் படுத்திருப்பதால் அது அப்படித்தான் போகும்.

கீழ் வலப்பக்கமும் எண்ணி முடிந்ததும் நாற்காலி நிமிர்ந்தது. “இப்பப் பேசலாம் அண்ணாச்சி” என்றார் டாக்டர். இன்னாசி முதலில் நாக்கால் அந்த முன்பல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “எந்தப் பல்லையும் எடுக்க வேண்டாம். கடைவாயில ரெண்டு இடம் இன்னும் இறங்கணும், அதுக்குப் பல்லிடுக்குல விடுற குச்சி பிரஷ் தாரேன். ஆப்பை வெச்சா செஞ்சீங்க?” என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, இல்லை என்று சொல்லவும் வந்தது, “பாதி அவ, பாதி இவ” என்று சட்டைப் பையிலிருந்த போனைத் தட்டிவிட்டுக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். காட்டின இடத்தில் உண்மையாகவே பிலோமி நின்றுகொண்டிருந்தாள், வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார், எப்போது எழுந்துவந்தாள் என்று தெரியவில்லை. “சாத்தின கதவு வழியா எல்லா நம்பரும் கேட்டுச்சு” என்றாள். அப்புறம் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, செருப்பைச் சுவரோரம் கழற்றிப் போட்டு, “எனக்கும் அந்தக் கம்பியை விட்டுப் பாருங்கம்மா” என்றாள் டாக்டரிடம், “எத்தனையோ வருஷமாப் பயந்துக்கிட்டே இருக்கேன். இவுகளே இத்தனை நேரம் பேசாம கிடந்தாங்கன்னா வலிக்காதுன்னுதானே அர்த்தம்.”

அவள் சாய்ந்து படுத்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்தாள். இன்னாசி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், இந்த வாயிலிருந்து வந்த பேச்சையும் பாட்டையும் வசவையும் எத்தனை கேட்டிருக்கிறோம், ஆனால் இதற்குள்ளே ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சின்னச் சின்னப் பல், நெருக்கமாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு. இடது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லில், விளக்கு பட்டதும் ஒரு வெள்ளிப் புள்ளி பளிச்சென்று மின்னியது. “இது என்ன பிலோமி? எப்ப அடைச்சது?” என்றார். “ஆ” என்றாள் அவள். டாக்டர் கம்பியை வெளியே எடுத்தார். “சொல்லிருங்க அக்கா, இல்லைன்னா அண்ணாச்சி விட மாட்டார்.” பிலோமி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். “நீங்க பொண்ணு பார்க்க வாரதுக்கு முந்தின நாளு. கன்னம் பன்னு மாதிரி வீங்கிப்போச்சு. எங்கப்பா அவசர அவசரமாப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அடைச்சும் வீக்கம் வத்தலை.”

இன்னாசிக்கு அந்தச் சாயந்திரம் முழுசாக வந்து நின்றது, கூடத்தில் பத்துப் பேர், காப்பித் தட்டோடு வந்த பெண் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது, கட்டினால் இவளைத்தான் என்று அவர் அந்த இடத்திலேயே முடிவு செய்தது, கரையில் கேட்டவனிடம் கேட்காதவனிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தது. “அடப்பாவி! வெக்கம்னு நினைச்சேனே!”

“வெக்கமா? வலிடா சாமின்னு நின்னேன்.”

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்க எங்கங்க என்னைப் பேச விட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வாயைத் திறந்துகொண்டாள். மாரிக்கனி கம்ப்யூட்டர் மேல் கவிழ்ந்து சிரித்தாள். இன்னாசிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முதல்நாள் காதலித்த அதே பாதி முகத்தை முழுசாகப் பார்க்கப் பார்க்க இன்னும் பெரிதாகி, வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போயிற்று. “அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்க, அக்கா வாய் ஆடுது, கம்பியை எப்படி விடுவேன்?” என்றார் டாக்டர், அவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலியில் பிலோமி வாயைத் திறந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள், உள்ளே அந்த வெள்ளிப் புள்ளி மின்னி மின்னி மறைந்தது.